மாதக் கடைசியில் இறங்கும் சர்க்கரை

ஆசிரியருக்கு,

வணக்கம். அமெரிக்கக் கறுப்பின மக்களின் சர்க்கரை நோய் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். வெள்ளையர்களைவிட அவர்கள் அதிகமாக அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருவதற்கு 'விழிப்புணர்வு இல்லை' என்று ஒரே வரியில் காரணம் சொல்லிவிட்டார் கட்டுரையாளர். கலிஃபோர்னியாவின் ஓக்லாந்தில் பதினோரு வருடமாக மருந்தாளுநராக இருக்கிறேன். எனக்கு அது ஒப்பவில்லை.

எங்களிடம் வாடிக்கையாக வரும் பெரியவர் ஒருவர், பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். எந்த வேளைக்கு எத்தனை யூனிட் இன்சுலின் என்று எழுதிய சீட்டு எப்போதும் சட்டைப்பையில் இருக்கும். ஒரு வேளை தவறவிட மாட்டார். அப்படியும் இரண்டு முறை ஆம்புலன்சில் போனார். இரண்டுமே மாதக் கடைசி. விசாரித்தால், அரசு மாதாமாதம் பணம் போடும் உணவு உதவி அட்டையில் பணம் தீர்ந்திருக்கிறது. ராத்திரி சாப்பிடாமல் இன்சுலின் ஊசியை மட்டும் போட்டுக்கொண்டு படுத்திருக்கிறார்; சர்க்கரை அபாயமான அளவுக்கு இறங்கிவிட்டது. மருத்துவர் சொன்னதை அப்படியே கேட்டதுதான் தப்பாகப் போயிற்று!

இது அவர் ஒருவர் கதையில்லை. 2000 முதல் 2008 வரையிலான கலிஃபோர்னிய மருத்துவமனைப் பதிவுகளைப் பார்த்த ஆய்வாளர்கள், ஏழைகள் வாழும் பகுதிகளில் சர்க்கரை தாழ்ந்து மருத்துவமனையில் சேருவது மாதத்தின் முதல் வாரத்தைவிடக் கடைசி வாரத்தில் 27 சதவீதம் கூடுதல் என்று கண்டார்கள். வசதியானவர்கள் பகுதியில் இந்த ஏற்றம் இல்லை.

மருத்துவருக்குக் கிடைக்கும் பதினைந்து நிமிடத்தில் வீட்டில் சாப்பாடு இருக்கிறதா என்று யார் கேட்பது? அதற்குத்தான் குழு வேண்டும் என்கிறேன். கேட்பதற்கு ஒரு செவிலியர், மருந்து அளவைச் சரிபார்க்க மருந்தாளுநர், உணவு வங்கிக்கு வழி சொல்லச் சமூகப் பணியாளர், வீட்டுக்கே போய்ப் பார்க்க அதே தெருவைச் சேர்ந்த ஒரு சுகாதாரப் பணியாளர். கட்டுரையில் இதைப் பற்றி ஒரு பத்திகூட இல்லை.

வெறும் விழிப்புணர்வு எவ்வளவு தூரம் போகும் என்பதையும் பார்த்துவிட்டார்கள். லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் கறுப்பினத்தவர் நடத்தும் 52 முடிதிருத்தகங்களில் நடந்த சோதனை 2018-இல் வெளியானது. சில கடைகளில் முடிதிருத்துபவர் அறிவுரை சொல்லி மருத்துவரிடம் போகச் சொன்னார்; மற்றவற்றில் மருந்தாளுநரே கடைக்கு வந்து, மருத்துவரோடு பேசி வைத்து மருந்து கொடுத்தார். ஆறு மாதத்தில் ரத்த அழுத்தத்தின் மேல் எண், அறிவுரை தந்த கடைகளில் 9 புள்ளி இறங்கியது, மருந்தாளுநர் வந்த கடைகளில் 27. அது ரத்த அழுத்தம், சர்க்கரை இல்லை, சரி. ஆனால் ஆட்கள் அதே ஆட்கள்தானே.

அந்தப் பெரியவரின் சீட்டில் இப்போது ஒரு வரி கூடியிருக்கிறது: சாப்பிடாத ராத்திரிக்கு எத்தனை யூனிட் என்று.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஓக்லாந்து