கயலின் பையில் இருக்கும் பவர் பேங்க்

எடிசன், நியூ ஜெர்சி
13 ஜூலை 2025

அன்புள்ள சேகர்,

அம்மா ஊன்றுகோல் இல்லாமல் தெருமுனைப் பிள்ளையார் கோயில் வரை நடந்து போய் வருகிறார்கள் என்று படித்ததும் மனசு நிறைந்துபோச்சு. முழங்கால் ஆபரேஷன் என்றதும் நீ எவ்வளவு பயந்தாய்!

அதே கடிதத்தில், 2019-ல் நான் கொண்டுவந்து கொடுத்த பவர் பேங்க்கைக் கயல் கோவை ஹாஸ்டலுக்கு எடுத்துப் போய்விட்டாள் என்று எழுதியிருக்கிறாய். அந்த ஒரு வரிக்காகத்தான் இன்றே உட்கார்ந்து எழுதுகிறேன். அதற்கு இனி சார்ஜ் போட வேண்டாம், மெத்தைக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம் என்று அவளிடம் இப்போதே போன் போட்டுச் சொல்லிவிடு.

போன மாதம் 12-ம் தேதி, ஆங்கர் கம்பெனியின் பவர்கோர் 10000, ஏ1263 என்ற மாடலை இங்கே திரும்பப் பெறுவதாக அறிவித்தார்கள். சுமார் 11,58,000 பவர் பேங்க்குகள். தீப்பிடித்ததாகவும் வெடித்ததாகவும் 19 புகார்கள். எல்லாம் 2016 ஜூனிலிருந்து 2022 டிசம்பர் வரை விற்றவை. நான் உனக்கு வாங்கியது எந்தக் கம்பெனி என்று இப்போது ஞாபகமில்லை. ஆனால் வாங்கிய வருஷம் இதற்குள்தான் வருகிறது.

அதே மாதம் சீனாவிலும் ரோமோஸ் என்ற கம்பெனி 4,90,000-க்கு மேல் பவர் பேங்க்குகளைத் திரும்பக் கேட்டது. பிறகு ஆங்கரும் அங்கே 7,10,000-ஐத் திரும்பக் கேட்டது. ஆனால் சீனப் பட்டியலில் ஏ1263 கிடையாது, மாடல்களே வேறு. உள்ளே இருக்கும் செல்லை, அதாவது பேட்டரியை, செய்து கொடுத்தவர்கள் தங்களைக் கேட்காமலே மூலப்பொருளை மாற்றிவிட்டார்கள் என்று ஆங்கர் சொன்னது. எந்தச் செல் எந்தப் பெட்டியில் ஏறி எந்த நாட்டுக்குப் போனதோ, அதைப் பொறுத்துப் பட்டியலும் மாறுகிறது. மாதக் கடைசியில் இன்னும் சில மாடல்களை உலகம் முழுக்கச் சேர்த்தார்கள்.

நடவடிக்கையும் நாட்டுக்கு நாடு வேறு. சீனா ஜூன் 28 முதல், 3சி என்ற அந்நாட்டுப் பாதுகாப்புச் சான்று முத்திரை இல்லாத பவர் பேங்க்கை உள்நாட்டு விமானத்தில் ஏற்றவே கூடாது என்றுவிட்டது. இங்கே நாமாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும்: பவர் பேங்க்கின் மேலேயே அழியாத மார்க்கரால் 'ரீகால்ட்' (திரும்பப் பெறப்பட்டது) என்று எழுதி, மாடல் எண், சீரியல் எண், நம் பெயர், தேதி எல்லாம் தெரிய போட்டோ எடுத்து அனுப்பணும். புதுசு ஒன்றோ, 30 டாலர் கிஃப்ட் கார்டோ கொடுப்பார்கள். ஐரோப்பாவில் போன டிசம்பர் முதல் புதுச் சட்டம்: பழுது பார்ப்பது, மாற்றுவது, பணத்தைத் திருப்புவது, இந்த மூன்றில் இரண்டையாவது கம்பெனி முன்வைத்தாக வேண்டும். எனக்கு அதுதான் நியாயமாகப் படுகிறது. நம் ஊரிலும் 2019 நுகர்வோர் சட்டப்படி, ஆபத்தான பொருளைத் திரும்பப் பெற மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிடலாம். விற்பவற்றில் இந்தியத் தரநிலை அமைப்பான பி.ஐ.எஸ். முத்திரையும் ஆர் என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கணும்.

ஆனால் என்னைப் போன்றவர்கள் சூட்கேஸில் சேலைக்கும் சாக்லேட்டுக்கும் நடுவே செருகிக் கொண்டுவந்தது எந்த நாட்டுக் கணக்கில் வரும், சொல்லு? அமெரிக்க அறிவிப்பு அமெரிக்காவில் விற்றதைப் பேசுகிறது. அதை வைத்திருக்கும் பெண்ணோ கோவையில் தூங்குகிறாள். ரீகாலில் சிக்காத மாடலாகவே இருந்தாலும் ஆறு வருஷப் பழசு. கொடுத்தவன் நான், அதனால் சொல்ல வேண்டியவனும் நான்தான்.

மார்ச்சில் என் மேஜை டிராயரில் கிடந்த பழைய பவர் பேங்க் ஒன்றை எடுத்தேன், அது வேறு கம்பெனி. தட்டையாக வைத்தால் நிற்காமல் ஆடியது. மூடியின் ஓரத்தில் நகம் நுழையும் அளவுக்குப் பிளவு, உள்ளே வெள்ளிநிறப் பை பூரி போல உப்பியிருந்தது. தீப்பிடிக்கவில்லை. ஆனால் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற அந்த ஒரு நிமிஷம் இன்னும் மறக்கவில்லை.

கயலிடம் அடிப்பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல். எழுத்து பொடிப்பொடியாக இருக்கும், போன் கேமராவில் பெரிசாக்கினால் தெரியும். உப்பியிருந்தால் அழுத்தவோ பிரிக்கவோ வேண்டாம். மணல் போட்ட மண் சட்டியில், எரியும் பொருள் பக்கத்தில் இல்லாத வெளியிடத்தில் வைத்து வார்டனிடம் சொல்லட்டும். குப்பைத்தொட்டியில் மட்டும் போட வேண்டாம், லாரியில் நசுங்கினால் பற்றிக்கொள்ளும். மின்கழிவு வாங்கும் அங்கீகாரம் பெற்ற இடத்தில் கொடுத்துவிடலாம்.

புதுசு ஒன்றுக்குப் பணம் அனுப்புகிறேன். பி.ஐ.எஸ். எண் பார்த்து, பில்லோடு, கோவையிலேயே வாங்கட்டும். போட்டோ வரும்வரை எனக்கு நிம்மதி இருக்காதுடா.

அன்புடன்,
ரவி