உன் விமானத்தின் கால்கள்

மண்டபம்

அன்புள்ள பங்காளி,

கடிதமும் படங்களும் கிடைத்தன. இங்கே எல்லோரும் நலம். தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் கடலுக்குப் போகத் தொடங்கிவிட்டன. கச்சான் காற்று அடிக்கிறது, தென்கடலில் அலை அதிகம், வடகடல் அடங்கிக் கிடக்கிறது. அம்மா உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

சரி, உன் ஆர்வி-7 சிறு விமானத்துக்கு வருகிறேன். லேண்டிங் கியர் கால்களுக்கு, அதாவது சக்கரத்தைத் தாங்கும் கம்பிகளுக்கு, ஃபேரிங் (காற்று வழுக்கிப் போவதற்கான உறை) மாட்டப்போவதாக எழுதியிருந்தாய். படத்தில் விமானம் தன் சக்கரத்தில் நிற்கிறது. அந்த நிலையில் அளவெடுக்காதே, பங்காளி. எடை ஏறும்போது கால் வெளிப்பக்கம் விரிந்து கொஞ்சம் முறுக்கிக்கொள்ளும். பறக்கும்போது எடை இறங்கி வேறு நிலைக்கு வந்துவிடும். ஃபேரிங் வேலை செய்யப்போவது வானத்தில்தானே? அதனால் விமானத்தைத் தூக்கி, சக்கரம் தரையில் படாமல், வாலையும் உயர்த்தி, மட்டம் பார்த்து நிறுத்து.

அப்புறம் விமான உடலின் நடுக்கோட்டிலிருந்து முன்னால் ஒன்று, வால் பக்கம் ஒன்று என்று தூக்குக்குண்டு விட்டு, தரையில் நூல் அடித்துக்கொள். ஃபேரிங்கின் முன்விளிம்பிலிருந்து ஒரு குண்டு, அதே உயரத்தில் பின்விளிம்பிலிருந்து ஒரு குண்டு. இரண்டும் நடுக்கோட்டிலிருந்து ஒரே தூரத்தில் விழ வேண்டும். மேலே ஒரு இடம், கீழே ஒரு இடம் பார். ஃபேரிங் முறுகியிருந்தால் அங்கேதான் தெரியும். ஆறேழு அங்குல அகலத்தில் பின்விளிம்பு 3 மில்லிமீட்டர் விலகினாலே ஏறக்குறைய ஒரு டிகிரி கோணலாகிவிடும்.

மூடாத கால் வெறும் உருண்டைக் கம்பி. அது காற்றில் படும் இழுவை, அதே தடிமனுள்ள நல்ல ஃபேரிங்கைப் போல சுமார் பத்து மடங்கு. ஃபேரிங் மாட்டினால் வேகம் கூடுவது அதனால்தான். ஆனால் கோணலாக மாட்டிய ஃபேரிங் படகின் சுக்கான் மாதிரி விமானத்தைத் திருப்பப் பார்க்கும். உன்னுடையது வால்சக்கர விமானம்; கால்கள் எடைமையத்துக்கு முன்னால் இருக்கின்றன. ஃபேரிங்கின் மூக்கு இடது பக்கம் பார்த்தால் விமானமும் இடது பக்கமே இழுக்கும். நீ நாள் முழுக்க ரடரை (வாலில் உள்ள சுக்கானை) மிதித்துக்கொண்டு பறக்க வேண்டியதுதான்.

என் ஆசை என்னவென்றால், முதலில் ஃபேரிங் இல்லாமல் பறந்து, ஸ்லிப் குண்டு (விமானம் பக்கவாட்டில் சறுக்குகிறதா என்று காட்டும் கருவியில் உருளும் குண்டு) எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொள். மாட்டிய பிறகு அந்த ஸ்லிப் குண்டு நகர்ந்தால் காரணம் எது என்று சந்தேகமே வராது. புரொப்பெல்லர் காற்று சுழன்று வருவதால் தரையில் எடுத்த அளவு வானத்தில் அப்படியே பொருந்தாமலும் போகலாம். மேலே பிடித்திருக்கும் கிளாம்பைத் தளர்த்தி, துளி திருப்பி, மறுபடி பறந்து பார். மனசு நிறைந்த பிறகுதான் உடலோடு இணைக்கும் மூடிகளுக்கு ஃபைபர் கிளாஸ் ஒட்ட வேண்டும். ஒட்டிவிட்டால் அதற்குப் பிறகு திருப்ப முடியாது.

இன்னொன்று. கால் எஃகு. ஃபேரிங்கால் மூடிவிட்டால் உள்ளே துருப் பிடிப்பது கண்ணில் படாது. இந்த உப்புக்காற்றில் வாசல் கேட் கம்பி அரிப்பதைப் பார்த்துப் பார்த்துச் சொல்கிறேன், பிரைமரும் பெயின்ட்டும் நன்றாக அடித்துக் காயவிட்டு மூடு.

அளவெடுத்ததும் நான்கு எண்களையும் எழுதி அனுப்பு. இரண்டு கால்களுக்கும் தனித்தனியாக எழுது.

அன்புடன்,
உன் பங்காளி