மழைக்கும் திருவிழாவுக்கும் இடம் விட்டு செமஸ்டர் தேதிகளை முன்கூட்டியே அறிவியுங்கள்: உயர்கல்வித் துறைச் செயலாளருக்கு ஒரு கோரிக்கை மனு

அனுப்புநர்:
ஒரு கல்லூரி மாணவியின் தகப்பன்,
குலசேகரம், கன்னியாகுமரி மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு அரசுச் செயலாளர் அவர்கள்,
உயர்கல்வித் துறை, தலைமைச் செயலகம், சென்னை.

பொருள்: கன்னியாகுமரி மாவட்டக் கல்லூரிகளுக்கான செமஸ்டர் தேர்வு, மறுமதிப்பீடு, தேர்வு முடிவு ஆகியவற்றின் தேதிகளைக் கல்வியாண்டு தொடங்கும் முன்பே அறிவிக்கக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா/அம்மா,

வணக்கம். நான் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவன். மூத்த மகள் பி.எஸ்சி. முடித்துவிட்டாள், இளையவள் இப்போது இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆட்கள் இவர்கள் இரண்டு பேரும்தான். மூத்தவளுக்கு நடந்தது இளையவளுக்கும் அவளோடு படிக்கிற மற்றப் பிள்ளைகளுக்கும் நடக்கக் கூடாது, அதற்காகத்தான் இந்த மனு. யாரையும் தண்டிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. அட்டவணை போடுகிற முறையை மாற்றித் தாருங்கள் என்றுதான் கேட்கிறேன்.

மூத்தவளுக்கு நடந்ததைச் சொல்கிறேன். மூன்றாம் வருட நவம்பர் செமஸ்டரில் ஒரே ஒரு பேப்பரில் பெயில் என்று வந்தது. நன்றாக எழுதியிருக்கிறேன் என்று அவள் உறுதியாகச் சொன்னதால் பணம் கட்டி மறுமதிப்பீட்டுக்குப் போட்டோம். அந்த முடிவு வருவதற்கு முன்பே ஏப்ரல் தேர்வுக்கு அரியர் கட்டணம் கட்டக் கடைசித் தேதி வந்துவிட்டது. கட்டாமல் விட்டு, மறுமதிப்பீட்டிலும் பெயில் என்று வந்தால் அடுத்த தேர்வு வரை காத்திருக்க வேண்டும், அதனால் அதையும் கட்டினோம். மழையில் வெட்டு நின்று போய் சம்பளம் குறைந்திருந்த மாதங்களின் கடனே அப்போது தீரவில்லை. அவள் அந்தப் பேப்பருக்கு மறுபடி உட்கார்ந்து படித்தாள், மறுபடி எழுதினாள். அதன் பிறகுதான் மறுமதிப்பீட்டு முடிவு வந்தது: முதலில் எழுதியதிலேயே பாஸ். ஏற்கெனவே பாஸான பேப்பருக்கு இரண்டாவது தடவை பணம் கட்டி, கடைசி செமஸ்டர் பாடங்களைப் படிக்க வேண்டிய நேரத்தையும் அதில் தொலைத்திருக்கிறாள் பிள்ளை.

கதை அதோடு முடியவில்லை. எம்.எஸ்சி.க்கு அவள் திருவனந்தபுரத்தில் விண்ணப்பம் போட்டிருந்தாள். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அதுதான் கிட்ட. களியக்காவிளையிலிருந்து திருவனந்தபுரத்துக்கு முப்பது சொச்சம் கிலோமீட்டர்தான், திருநெல்வேலியில் இருக்கிற எங்கள் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்துக்கோ நூறுக்கு மேல். இந்தத் தேதிக்குள் கடைசி செமஸ்டர் மார்க் வேண்டும் என்று அங்கே கேட்டார்கள். இங்கே ரிசல்ட் எப்போது வரும் என்று கேட்டால் கல்லூரியில் தெரியவில்லை, பல்கலைக்கழகத்துக்கு போன் போட்டால் ‘விரைவில்’ என்றார்கள். அந்த ‘விரைவில்’ வருவதற்குள் சீட்டு போய்விட்டது. ஒரு வருடம் மார்த்தாண்டத்தில் துணிக்கடை வேலைக்குப் போனாள். போன ஆண்டுதான் ஒரு வழியாக எம்.எஸ்சி. சேர்ந்தாள்.

அலுவலகத்தில் இருக்கிறவர்கள் வேண்டும் என்று இப்படிச் செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆள் குறைவு, விடைத்தாள் திருத்தும் ஆசிரியர்கள் பலரும் கௌரவ விரிவுரையாளர்கள் என்று கல்லூரி ஆசிரியர்களே வருத்தத்தோடு சொல்கிறார்கள். அதற்கு உடனே வழி இல்லாமல் இருக்கலாம். ஆனால் தேதி குறித்து வைத்து அதைச் சொல்வதற்கு ஆள் பற்றாக்குறை காரணமாகாது. பிளஸ் டூ, பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வைப் பாருங்கள். 2025 மார்ச்சில் நடந்த தேர்வுக்கு 2024 அக்டோபரிலேயே தேதி அறிவித்தார்கள், ரிசல்ட் எந்த நாளில் வரும் என்பது உட்பட. பிளஸ் டூ ரிசல்ட் மே 9 என்று சொல்லி, மே 8-ஆம் தேதியே கொடுத்தார்கள். டி.என்.பி.எஸ்.சி.யும் வருடாந்திரத் திட்ட அட்டவணை போடுகிறது. மாநிலம் முழுக்க லட்சக்கணக்கான பிள்ளைகளுக்கு இது முடியும்போது, சில மாவட்டங்களை மட்டும் பார்த்துக்கொள்கிற ஒரு பல்கலைக்கழகத்துக்கு ஏன் முடியாது?

எங்கள் கல்லூரிக் காலண்டரில் ‘செமஸ்டர் தேர்வு: நவம்பர்’ என்று மட்டும்தான் அச்சாகியிருக்கிறது. தேதி பிறகு பி.டி.எஃப்.பாக வாட்ஸ்ஆப்பில் வரும், பெரும்பாலும் ராத்திரியில். அடுத்த நாளே ‘திருத்தப்பட்டது’ என்று இன்னொன்று வரும். இரண்டில் எது கடைசியாக வந்தது என்று பிள்ளைகள் ஒருவருக்கொருவர் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

அப்புறம் மழை. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டும் நன்றாகப் பெய்கிற மாவட்டம் எங்களுடையது. ஜூனில் கல்லூரி திறக்கும்போது ஒரு மழை, நவம்பரில் தேர்வு நடக்கும்போது இன்னொரு மழை. ஒக்கி புயல் அடித்தது 2017 நவம்பர் 30. தென்மாவட்டங்கள் மூழ்கிய பெருமழை 2023 டிசம்பர் 17, 18. புயல் வர வேண்டும் என்றுகூட இல்லை, பேச்சிப்பாறை அணையில் தண்ணீர் திறந்துவிட்டாலே குழித்துறை சப்பாத்துப் பாலம் மூழ்கிவிடும், அதைத் தாண்டி வருகிற பிள்ளைகள் சுற்றித்தான் போக வேண்டும். காலை ஆறு மணிக்கே பேருந்து நிறுத்தத்தில் குடையைப் பிடித்துக்கொண்டு நின்று, லீவு விட்டாச்சா, தேர்வும் தள்ளிவைத்தாச்சா, அல்லது லீவு விட்டும் தேர்வு உண்டா என்று போனைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். தள்ளிவைத்தால் அது எந்த நாளுக்கு என்பது பல நாள் தெரியாது. ஒரு பேப்பர் தள்ளிப்போனால் திருத்துவது தள்ளிப்போகிறது, ரிசல்ட் தள்ளிப்போகிறது, மறுமதிப்பீடு அதற்கும் பின்னால் போகிறது. என் மகளுக்கு வந்த சிக்கலின் வேர் இங்கேதான் இருக்கிறது.

மழை வரும் என்பது தெரியாத விஷயமா? அதனால் நான் முக்கியமாகக் கேட்பது இது: நவம்பர் தேர்வு அட்டவணை போடும்போதே, மழையால் தேர்வு நின்றுபோனால் நடத்துவதற்கென்று இரண்டு மூன்று மாற்று நாட்களை அந்த அட்டவணையிலேயே அச்சிட வேண்டும். மழை பெய்யாவிட்டால் அந்த நாட்கள் சும்மா போகட்டும், யாருக்கும் நஷ்டமில்லை. பெய்தால், காலையில் ஆட்சியர் லீவு அறிவித்த அந்த நிமிடமே எங்கள் பிள்ளைகளுக்கு மாற்றுத் தேதி கையில் இருக்கும்.

உள்ளூர் விடுமுறையும் அப்படித்தான். கோட்டாறு சவேரியார் திருவிழா டிசம்பர் 3, மாவட்டம் தாய்த்தமிழகத்தோடு இணைந்த நாள் நவம்பர் 1, இரண்டுமே மாறாத தேதிகள். சுசீந்திரம் மார்கழித் தேரும், மண்டைக்காடு மாசிக் கொடையும், அய்யா வைகுண்டர் அவதார தினமும் பஞ்சாங்கம் பார்த்தால் ஒரு வருடம் முன்பே தெரிந்துவிடும். இவற்றுக்கு ஆட்சியர் விடுமுறை விடுகிறார். ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு கடிதம் போட்டு இந்தப் பட்டியலை ஆட்சியரிடம் வாங்கிக்கொண்டால், அந்த நாளில் தேர்வு வைத்து பிறகு மாற்ற வேண்டிய நிலையே வராது.

மறுமதிப்பீட்டு முடிவு, அரியர் கட்டணத்தின் கடைசித் தேதிக்குக் குறைந்தது ஒரு வாரம் முன்பாவது வர வேண்டும். அப்படித் தர முடியாத செமஸ்டரில், மறுமதிப்பீட்டுக்குப் போட்டிருக்கும் பேப்பருக்கு மட்டுமாவது கட்டணம் கட்டக் கால நீட்டிப்பு கொடுங்கள், பாஸானால் கட்டிய அரியர் பணத்தைத் திருப்பித் தாருங்கள். விடைத்தாளைப் பார்க்கும் உரிமை மாணவருக்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2011-லேயே சொல்லிவிட்டது. விடைத்தாள் நகலும் காலத்தோடு கிடைத்தால், தேவையில்லாமல் மறுமதிப்பீட்டுக்குப் போடுகிறவர்களின் எண்ணிக்கையே குறையும், அலுவலகத்துக்கும் பாரம் குறையும் என்பது என் எண்ணம்.

இறுதி செமஸ்டர் ரிசல்ட்டுக்கும், புரொவிஷனல் சர்டிபிகேட்டுக்கும், கன்சாலிடேட்டட் மார்க்ஷீட்டுக்கும் ஒரு நாள் குறித்துச் சொல்ல வேண்டும். மாணவர் தகுதி பெற வேண்டிய நாளிலிருந்து 180 நாளுக்குள் பட்டம் கொடுக்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) 2008-ஆம் ஆண்டு ஒழுங்குமுறையே சொல்கிறது. ஆனால் பி.எட்., எம்.எஸ்சி., சட்டக் கல்லூரி என்று எந்த அட்மிஷனும் 180 நாள் காத்திருப்பதில்லை. அதனால் ரிசல்ட்டாவது, இங்கேயும் கேரளத்திலும் மேற்படிப்பு சேர்க்கை முடியும் தேதிகளைப் பார்த்து, அதற்கு முன்னால் வரும்படி குறிக்கப்பட வேண்டும்.

நீங்கள் பல்கலைக்கழகத்தின் ஆட்சிக் குழுவான சிண்டிகேட்டில் உறுப்பினராகவும் இருக்கிறீர்கள். ஆகவே இதை வெறும் கடிதமாகப் பல்கலைக்கழகத்துக்கு ‘உரிய நடவடிக்கைக்கு’ என்று அனுப்பிவிடாமல், அடுத்த சிண்டிகேட் கூட்டத்தில் ஒரு பொருளாகவே வைத்துப் பேசும்படி தயவுடன் கேட்டுக்கொள்கிறேன். இதற்கு முன் அனுப்பிய மனு அப்படித்தான் சுற்றி, முன்பு நான் போன் போட்ட அதே மேசைக்கே போய்ச் சேர்ந்தது.

இளையவளுக்கு வரும் நவம்பரில் தேர்வு. புதிய கல்வியாண்டுக்கு முழு அட்டவணை போட நேரம் எடுக்கும் என்பது எனக்கும் புரிகிறது, ஆனால் நவம்பர் தேர்வுக்கு மாற்று நாட்களைச் சேர்ப்பதை இந்த வருடமே செய்யலாம், அதற்கு ஒரு சுற்றறிக்கை போதும். எடுத்த நடவடிக்கையை எழுத்து மூலம் எனக்குத் தெரிவிக்க வேண்டுகிறேன். மகளின் மறுமதிப்பீட்டு முடிவு, இரண்டு கட்டண ரசீதுகள், தேதி மாற்றி வந்த அட்டவணைகள் ஆகியவற்றின் நகல்களை இணைத்திருக்கிறேன். மனுவின் ஒரு பிரதியைத் திங்கள்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் மாவட்ட ஆட்சியர் அவர்களிடமும் கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஒரு மாணவியின் தகப்பன்,
குலசேகரம்.