பேரூராட்சி உறுப்பினரைக் குறைத்துப் பேச வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பேரூராட்சி உறுப்பினர்களுக்கு மாதம் 2,500 ரூபாய் மதிப்பூதியம் எதற்கு, கூட்டத்தில் கையைத் தூக்குவதைத் தவிர அவர்களுக்கு வேறென்ன வேலை என்று தங்கள் இதழில் ஒரு வாசகர் கேட்டிருந்தார். படித்ததும் மனம் பொறுக்கவில்லை. நான் குடியிருக்கும் இடம் இன்று சென்னை மாநகரின் ஒரு வார்டு. 2011 வரை அது தனிப் பேரூராட்சி. வார்டு மெம்பரின் வேலை என்னவென்று கண்ணெதிரே பார்த்தவள் நான்.

1996 உள்ளாட்சித் தேர்தலில் எங்கள் வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. தெருமுனையில் மளிகைக் கடை வைத்திருந்த அம்மாள் நின்று ஜெயித்தார். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். முதல் இரண்டு கூட்டங்களுக்கு அவருடைய கணவரும் கூடவே போனார். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று அவர்தான் காட்டினாராம். மூன்றாவது கூட்டத்துக்கு முந்தைய இரவு, அந்த அம்மாள் கூட்டப் பொருள், அதாவது மன்றத்தில் முடிவெடுக்க வேண்டிய விஷயங்கள், அச்சடித்த தாள்களோடு எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்தார். "டீச்சர், 'அவசர அவசியம் கருதி' என்று நாலு இடத்தில் போட்டிருக்கிறார்களே, அப்படி என்ன அவசரம்?" என்று கேட்டார்.

அன்றிரவு இருவரும் வரி விடாமல் படித்தோம். எல்லாப் பத்திகளும் 'மன்றத்தின் பார்வைக்கும் அனுமதிக்கும்' என்று ஒரே மாதிரி முடிந்தன. நடுவில், அப்படி அவசரம் என்று சொல்லி ஒரு சிறுபாலத்தைப் பழுதுபார்த்த செலவு இருந்தது. அந்தப் பாலத்தைத் தாண்டித்தான் அவர் தினமும் கடைக்குச் சரக்கு கொண்டுவருவார். "அங்கே ஒரு சட்டி சிமெண்ட் கூட விழவில்லையே" என்றார். மறுநாள் மன்றத்தில் எழுந்து நின்று அதையேதான் சொன்னார். அந்தப் பொருள் ஒத்திவைக்கப்பட்டது. அதன்பிறகு மாதந்தோறும் கூட்டத்துக்கு முந்தைய இரவு எங்கள் திண்ணையில் விளக்கு எரிந்தது. கணவர் கடையைப் பார்த்துக்கொண்டார்.

விடிகாலையில் கடை திறக்க வரும்போதே எரியாத தெருவிளக்குகளை எண்ணி, கடன் நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்துவைப்பார். எந்தக் குழாயில் எத்தனை மணிக்குத் தண்ணீர் வரும், எந்த வீட்டில் முதியோர் உதவித்தொகைக்கு மனு எழுதத் தெரியாத பாட்டி இருக்கிறார் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். இதற்கெல்லாம் என்ன சம்பளம் கொடுத்தோம்? இன்றைய 2,500 ரூபாயும், அதுவும் 2023 ஜூலையிலிருந்துதான், நாளொன்றுக்கு நூறு ரூபாய்கூட ஆகாது.

2011-ல் எங்கள் ஊரையும் சேர்த்து 42 உள்ளாட்சிகள் மாநகராட்சியோடு இணைந்தன. 174 சதுர கிலோமீட்டராக இருந்த சென்னை 426 ஆனது. சாலைகள் மேம்பட்டன, மறுக்கவில்லை. ஆனால் அந்த ஆண்டின் மக்கள்தொகைக் கணக்குப்படி, விரிந்த நகரத்தில் 66 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். கவுன்சிலர்களோ 200 பேர். ஒருவருக்குச் சராசரி 33 ஆயிரம் பேர்! எத்தனை நல்லவராக இருந்தாலும் அவரால் எந்தப் பாட்டியின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ள முடியும்? அந்த எண்ணிக்கையும் இல்லாமல் போன காலம் உண்டு. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த உறுப்பினர்கள் பதவியேற்றது 2022 மார்ச்சில். இடையில் அரசு நியமித்த தனி அலுவலர்களின் ஆட்சி. 2021 நவம்பர் மழையில் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றபோது, யார் வீட்டுக் கதவைத் தட்டுவது என்று தெரியாமல் நின்றோம். அந்த மாதம்தான் எனக்கு மளிகைக் கடை மெம்பரின் அருமை முழுதாகப் புரிந்தது.

2022 தேர்தலில் தமிழகத்தின் பேரூராட்சிகளுக்கு 7,621 உறுப்பினர் இடங்கள் இருந்தன. அவர்களில் தவறு செய்பவர்கள் இல்லையென்று நான் சொல்லவில்லை. மனைவியின் நாற்காலிக்குப் பின்னால் நின்று ஆட்சி நடத்தும் கணவர்களும் இருக்கிறார்கள்; அது வெட்கக்கேடு. அதற்காக அந்த நாற்காலியே வீண் என்பது நியாயமா? கூட்டப் பொருளை ஒரு வாரம் முன்னதாகவே, புரிகிற தமிழில் கொடுங்கள். அதன் நகலை அலுவலக வாசலில் ஒட்டுங்கள். மதிப்பூதியத்தைக் குறைப்பதைவிட இதைச் செய்தால் ஊர்ப்பணம் மிச்சமாகும்.

சென்னையைச் சுற்றியுள்ள பேரூராட்சிகளைப் பெரிய உள்ளாட்சிகளோடு சேர்க்கும் பேச்சு எழும்போதெல்லாம் எனக்குப் பதைக்கிறது. இணைப்பதற்கு முன், ஒவ்வொரு வார்டையும் சிறு பகுதிகளாகப் பிரித்து, அங்குள்ள மக்கள் கூடிக் குறைகளைப் பேசும் பகுதி சபைகளைத் தவறாமல் கூட்டுவோம் என்று உறுதி கொடுக்கட்டும். அதற்கான விதிகள் 2022-லேயே வந்துவிட்டன. எங்கள் தெருவில் பலருக்கு அப்படி ஒரு சபை உண்டு என்பதே தெரியாது.

மளிகைக் கடை அம்மாளுக்கு இப்போது எழுபதைத் தாண்டிவிட்டது. பதவி போய்ப் பல ஆண்டுகள் ஆகியும் விளக்கு எரியவில்லை என்று சொல்ல ஆட்கள் அவர் கடைக்குத்தான் வருகிறார்கள். அவர் கம்பத்தின் எண்ணைக் கேட்டு, கடன் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொள்கிறார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை,
சென்னை