ஜெய்சல்மேர் போய் வந்தோம், கண்ணு

அன்பு மகளுக்கு,

ராஜஸ்தானிலிருந்து நல்லபடியாக ஊர் வந்து சேர்ந்தோம். அப்பாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் இருக்கிறது, மற்றபடி சுகம். போட்டோவெல்லாம் அவரே அனுப்பியிருப்பார். போனில் பேசினால் பாதியிலேயே உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது. இது பாதியில் விடக்கூடிய விஷயம் இல்லை, அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் கோட்டை. 1156இல் ராவல் ஜெய்சல் கட்டத் தொடங்கியது. மஞ்சள் மணற்கல், சாயங்கால வெயிலில் கண்ணைப் பறிக்கிறது. மியூசியம் போலப் பூட்டி வைத்த கோட்டை இல்லை. உள்ளே குடும்பங்கள் வாழ்கின்றன, மாடியில் துணி காய்கிறது, சமணக் கோயில்களில் பூஜை நடக்கிறது. இத்தனை நூற்றாண்டு தாங்கிய கோட்டையை இப்போது அரிப்பது தண்ணீர். மழை அபூர்வமான ஊருக்கென்று கட்டியது அது. கடீசர் ஏரியிலிருந்து குடத்தில் சுமந்த காலத்தில் ஒரு வீடு எவ்வளவு செலவழித்திருக்கும்? குழாய் வந்தது, பிறகு ஓட்டல் வந்தது, அறைக்கு ஒரு பாத்ரூம் வந்தது. அவ்வளவு கழிவுநீரும் சரியாக வெளியேறாமல் கோட்டைக்கு அடியில் இருக்கும் மண்ணில் இறங்குகிறது. ஒரு சந்தில் சுவரின் அடிப்பக்கம் ஈரம் ஏறிக் கிடந்தது. தொட்டுப் பார்த்தேன், கல் உதிர்ந்து விரல் நுனியெல்லாம் மஞ்சள் பொடி. நாங்கள் கீழே ஊருக்குள் ரூம் எடுத்துத் தங்கினோம். நீ போனாலும் கோட்டைக்குள் தங்காதே.

குல்தராவைப் பேய் ஊர் என்று சொல்லிக் கூட்டிப் போகிறார்கள். பாலிவால் பிராமணர்கள் ராத்திரியோடு ராத்திரியாகக் காலி செய்த கதையை ஆளுக்கு ஒரு மாதிரி சொன்னார்கள், அது கிடக்கட்டும். எனக்குப் பிடித்தது அவர்கள் செய்த விவசாயம். வருஷத்துக்கு ஏறத்தாழ 200 மில்லிமீட்டர் மழைதான். பாறை மேட்டில் விழும் அந்த மழை ஓடி வரும் சரிவின் அடியில் நீளமாக மண்கரை போட்டிருக்கிறார்கள். கதீன் என்று பெயர். தண்ணீர் தேங்கி மண்ணுக்குள் இறங்கும். மழைக்காலம் முடிந்ததும் மிச்சத்தை மடை வழியாக வெளியேற்றிவிட்டு, அந்த ஈரத்திலேயே கோதுமையும் கொண்டைக்கடலையும் விதைக்கிறார்கள். அதற்கப்புறம் பாய்ச்சலே கிடையாது. நம் கண்மாய் வற்றினால் உள்வாயில் வெள்ளரி போடுவோமே, அதையே ஒரு முழு வெள்ளாமையாகச் செய்திருக்கிறார்கள். கரிசல்காட்டில் வளர்ந்த எனக்கு அந்தக் கரை மேல் ஏறி நின்றபோது அவர்களைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

இனிமேல்தான் உனக்கென்று எழுதுவது. அங்கிருந்து பாலைவன தேசியப் பூங்காவுக்குப் போனோம். 3162 சதுர கிலோமீட்டர். மணல்மேடு கொஞ்சம்தான், பெரும்பகுதி சரளைத் தரையும் சேவண் புல்லும். வழிகாட்டி கை காட்டிய திசையில் எனக்குப் புல்லைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. பைனாகுலரைக் கொடுத்தார். வெள்ளைக் கழுத்து, உச்சியில் கறுப்புக் கொண்டை, பழுப்பு முதுகு, ஒரு மீட்டர் உயரம் இருக்கும். ஓர் அடி வைக்கும், நிற்கும், குனிந்து எதையோ கொத்தும், நிமிர்ந்து நம்மைப் பார்க்கும். கானமயில். அங்கே கோடாவண் என்கிறார்கள். நம் தமிழ்நாட்டிலும் ஒரு காலத்தில் இருந்த பறவைதான். இன்று உலகத்திலேயே இருநூறுகூட இல்லை, இருப்பதில் பெரும்பகுதி இந்த ஜெய்சல்மேர் பக்கம். முட்டை வழக்கமாக ஒன்றே ஒன்றுதான் இடும், அதுவும் வெறும் தரையில்.

திரும்பும் வழியெல்லாம் காற்றாடியும் சோலார் பலகையும் உயர் அழுத்தக் கம்பிகளும்தான். இந்தப் பறவைக்குக் கண் பக்கவாட்டில் இருப்பதால் நேர் எதிரே இருப்பது சரியாகத் தெரிவதில்லை. ஆண் பறவை 15 கிலோ வரை கனக்கும், கம்பி தெரிந்த பிறகும் சட்டென்று திரும்ப அதால் முடியாது, மோதிச் செத்துப்போகிறது. கம்பிகளைப் பூமிக்கு அடியில் கொண்டுபோகச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2021இல் உத்தரவிட்டது. 2024இல் அதைத் தளர்த்தி ஒரு நிபுணர் குழுவிடம் விட்டது. சில இடங்களில் பறவைக்குத் தெரியட்டும் என்று கம்பியில் தகடு தொங்கவிட்டிருக்கிறார்கள். ஒரு கம்பத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே தகடே இல்லாத இடங்களும் பார்த்தேன்.

கரண்ட் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை, கண்ணு. கயத்தாறு காற்றாடிகளைப் பார்த்து வளர்ந்தவள் நீ. இந்தப் படிப்பில் உனக்கு ஆசை வந்ததே அங்கிருந்துதான். உன் வேலையில் எனக்குப் பெருமை உண்டு. ஆனால் லைன் எந்த வழியாகப் போக வேண்டும் என்று வரைகிற இடத்தில் நீ இருக்கிறாய். பெங்களூரில் ஸ்கிரீனில் பார்த்தால் அந்த நிலம் காலியாகத்தான் தெரியும். அது காலி இல்லை. முள்வால் பல்லி, சிங்காரா மான், நரி, ஆடு மேய்க்கிற ஜனங்கள் எல்லாம் அங்கேதான் பிழைக்கிறார்கள். ஓரண் என்று சாமி பெயரில் விட்ட காடுகள் உண்டு. அங்கே வன்னி மரத்தில் கோடாலி படக்கூடாது, மாடும் ஒட்டகமும் மேயலாம், அவ்வளவுதான். அப்படிப்பட்ட பல இடங்கள் சர்க்கார் கணக்கில் தரிசு என்று பதிவாகியிருக்கின்றன. அதனால்தான் அங்கே சோலார் பிளாண்ட் வருகிறது, கம்பம் வருகிறது. ஊர் ஜனங்கள் எதிர்த்து நடைபயணம்கூடப் போயிருக்கிறார்கள்.

நவம்பரில் இருந்து பிப்ரவரிக்குள் மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு ஒரு தடவை போய்விட்டு வா. பூங்காவுக்கு முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும், விடிகாலையிலேயே கிளம்பிவிடு. வன்னிக்காய் வற்றல் பார்சலில் போட்டிருக்கிறேன், ராத்திரியே ஊறப் போட்டு வேகவைத்துத் தாளித்துக்கொள்.

உன் ஆபீஸ் வரைபடத்தில் ஓரண் நிலம் தனியாகக் குறிக்கப்பட்டிருக்கிறதா, இல்லை அங்கேயும் தரிசு என்றுதான் இருக்கிறதா? பார்த்து வை. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது முதலில் அதைத்தான் கேட்பேன்.

அன்புடன்,
அம்மா