மார்ச் 21: மதுரையும் அல்மாட்டியும் சேர்ந்து பூமியை அளக்கலாம்

வணக்கம் ஆசிரிய நண்பர்களே. இரண்டு ஊர்களின் உச்சிவேளை நிழலை அளந்து பூமியின் சுற்றளவைக் கண்டுபிடிக்கும் எரடோஸ்தனிஸ் சோதனைக்குக் கஜகஸ்தானின் அல்மாட்டியில் ஒரு பள்ளி கூட்டுச்சேர ஒப்புக்கொண்டிருக்கிறது. அந்த ஊர் ஏறத்தாழ நமக்கு நேர் வடக்கே இருப்பதால் கணக்கு எளிது.

ஒரு மீட்டர் குச்சியைச் சமதரையில் செங்குத்தாக நட வேண்டும். தூக்குநூல் வைத்துச் சரிபாருங்கள். பெரும்பாலான பிழை இங்கேதான் வருகிறது. நமக்கு உச்சிப்பொழுது 12 மணிக்கு அல்ல, 12.25 வாக்கில். அதனால் 12.10 முதல் 12.40 வரை இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை நிழலை அளந்து, மிகக் குறைந்த நீளத்தை எடுங்கள். நமக்கு 17 செ.மீ. சொச்சம் வரும், அவர்களுக்கு 94 செ.மீ. அளவில். விடையை மாணவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள்!

குச்சிக்கும் சூரியக் கதிருக்கும் இடையிலான கோணத்தை நிழல் நீளத்திலிருந்து இரு ஊருக்கும் கண்டுபிடிக்க வேண்டும். அந்த இரு கோணங்களின் வித்தியாசம் சுமார் 33 பாகை, இடைத்தூரம் சுமார் 3,700 கி.மீ. மீதியைப் பிள்ளைகளே போடட்டும். பூமியின் சுற்றளவு 40,000 கி.மீ.க்குப் பக்கத்தில் வந்தால் சரி.

பத்தாம் வகுப்பை விட்டுவிடுங்கள், பொதுத்தேர்வு நேரம். எட்டாம் வகுப்பு போதும். மாணவர் முகம் தெரியும் படங்கள் வேண்டாம். குச்சி, நிழல், அளவு மட்டும் அனுப்புங்கள். அப்புறம், மேகம் மூடினால் மறுநாளும் அளக்கலாம், ஆனால் இரு பள்ளியும் ஒரே நாளில்.

விருப்பமுள்ளவர்கள் வெள்ளிக்குள் இங்கேயே பதில் போடுங்கள்.