இரண்டு வெள்ளைக்கும் ஒரே மருந்தா?

திருநெல்வேலி மாவட்ட வேளாண்மை, தோட்டக்கலைத் துறை அலுவலர்களுக்கு,

வணக்கம். அம்பாசமுத்திரம், களக்காடு வட்டாரத்துத் தோட்டங்களில் தென்னையின் சுருள் வெள்ளை ஈயையும் பப்பாளியின் மாவுப்பூச்சியையும் ஒன்றெனவே எண்ணி மருந்து கேட்பவர்கள் பலர்; கடைக்காரர்களும் இரண்டுக்கும் ஒரே புட்டியை எடுத்து நீட்டுகிறார்கள். இவ்விரண்டையும் அருகருகே படத்துடன் விளக்கும் அறிவிப்பை ஒவ்வொரு வேளாண் விரிவாக்க மையத்திலும் வைக்க வேண்டுகிறேன்.

இரண்டும் சாறு உறிஞ்சுபவை. இரண்டும் சிந்தும் இனிப்புக் கழிவின்மேல் கரும்பூசணம் படர்கிறது. குழப்பத்துக்குக் காரணம் இதுதான். ஆனால் தென்னங்கீற்றைத் திருப்பிப் பார்த்தால், வெள்ளை ஈ முட்டையிட்ட இடத்தில் வெண்மெழுகு சுருள்சுருளாகத் தெரியும். ஓலையைத் தட்டினால் வளர்ந்த ஈக்கள் எழும்பிப் பறக்கும். பப்பாளியின் காயிலும் இலை நரம்போரத்திலும் பஞ்சுபோல் அப்பியிருப்பதை நசுக்கினால் மஞ்சள் நீர் கசியும். அந்தப் பெண் மாவுப்பூச்சிக்குச் சிறகே கிடையாது. ஆகவே தென்னந்தோப்பில் பயன்படும் மஞ்சள் ஒட்டும் பொறியைப் பப்பாளிக்குக் கட்டுவது வீண் செலவு. அங்கே பூச்சி அப்பிய பாகங்களை வெட்டி எரிப்பதும், அதற்குக் காவலாகத் திரியும் எறும்புகளை ஒழிப்பதுமே முதல் வேலை. வேலியோரச் செம்பருத்தியிலும் அது ஒளிந்திருக்கும் என்பதை நாங்கள் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம்.

கவலை தருவது கண்மூடித்தனமான மருந்தடிப்பு. 2008இல் கோயம்புத்தூரில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி மருந்துக்கு அடங்காமல் மரவள்ளி, மல்பெரி வரை பரவியபோது, 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்த அசிரோபேகஸ் என்ற நுண்குளவிதான் அதை அடக்கியது. 2016இல் பொள்ளாச்சியில் முதலில் பதிவான சுருள் வெள்ளை ஈக்கோ என்கார்சியா என்ற வேறொரு ஒட்டுண்ணிக் குளவி எதிரி; அது வெள்ளை ஈயின் குஞ்சுக்குள்ளேயே வளர்ந்து அதைக் கொல்லும். குளவி வெளியேறிய வெள்ளை ஈக் கூட்டில் வட்டமான சிறு துளை இருக்கும். உருப்பெருக்கிக் கண்ணாடியில் அதைப் பார்த்த விவசாயி விசைத்தெளிப்பானைத் தூக்கத் தயங்குவார். அத்தகைய ஓலையில் கடுமையான பூச்சிக்கொல்லி பட்டால் குளவியும் சேர்ந்து மடிகிறது. ஓலையின் அடிப்பக்கம் படும்படி தண்ணீரை வேகமாகப் பீய்ச்சலாம். கரும்பூசணத்துக்கு லிட்டருக்கு 25 கிராம் மைதாப் பசைக் கரைசல் போதும்.

எனவே அறிவிப்பில் மருந்துப் பெயர்களுக்கு முன்பாக இந்தத் துளையின் படமும் என்கார்சியா ஒட்டுண்ணி கிடைக்குமிடமும் இடம்பெறட்டும். மாதாந்திர விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்திலும் பாதிக்கப்பட்ட ஓலையையும் பப்பாளிக் காயையும் கொண்டுவந்து காட்டினால், மருந்துக் கடைக்காரர்களையும் அதற்கு அழைத்தால் நன்று.

இப்படிக்கு,
தாமிரபரணிப் பாசனப் பகுதி விவசாயி ஒருவர்